ஆட்டுக்கான ஊசி

கிட்டனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின சாயங்காலம் அவன் மகன் ஷ்யாம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, நாளைக்கு எல்லாரும் சாப்பிடறதுக்கு முன்னாடி அப்பாவைப் பத்தி நீங்க நாலு வார்த்தை சொல்லணும். அவரை ரொம்ப நாளாத் தெரிஞ்சவர் நீங்கதான்."

"எனக்குப் பேச வராதுப்பா" என்றேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் நான். மனசில் இருப்பதைச் சொன்னால் சண்டை வரும், இல்லாததைச் சொல்ல வாய் வராது.

"பிரசங்கமா பண்ணச் சொல்றேன்? நல்ல மனுஷன், குடும்பத்துக்கு உழைச்சாரு, கொஞ்சம் பிடிவாதம். அவ்வளவுதான். அந்த லம்பி விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதை மறைக்கவும் வேணாம், பெருசு பண்ணவும் வேணாம்."

லம்பி என்பது மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடுகளுக்கு வந்த தோல்கட்டி நோய். ஊசி போட வந்தவர்களைத் தன் அப்பா திருப்பி அனுப்பிவிட்டார், அதனால் மூன்று பசுக்கள் செத்தன, அதையும் மறைத்துத் தன்னிடம் பொய் சொன்னார் என்று ஷ்யாம் நம்பிக்கொண்டிருந்தான். அவன் மட்டுமா, அவன் அம்மா சரசா, தங்கை வைஷாலி, எங்கள் வானவடிப் பேட்டையில் மாடு வைத்திருக்கிற நாலு பேர், எல்லாரும் அதைத்தான் நம்பினார்கள்.

திருப்பி அனுப்பியது கிட்டன் இல்லை. நான்.

ரேஷன் கார்டில் அவன் பெயர் கிருஷ்ணஸ்வாமி. எங்களுக்குக் கிட்டன். இரண்டு பேருக்கும் பூர்வீகம் வேலூர்ப் பக்கம், அப்பாக்கள் காலத்தில் இந்த மராட்டிச் சீமைக்கு வந்த குடும்பம். அவன் அப்பா பட்டாளத்து மாட்டுப் பண்ணையில் சாணி அள்ளியவர். என் அப்பா கிர்க்கி வெடிமருந்து பேக்டரியில் கூலி. நானும் அதே பேக்டரியில் முப்பத்துநாலு வருஷம் பெட்டி கட்டினேன். உள்ளே போகும்போதும் தடவிப் பார்ப்பார்கள், வெளியே வரும்போதும் தடவிப் பார்ப்பார்கள். அத்தனை வருஷம் தடவிப் பார்க்கப்பட்டவனுக்கு யாரையும் நம்பத் தோன்றாது. கிட்டனையும் நான் நம்பவில்லை. அவனிடம் பால் வாங்க ஆரம்பித்தபோது, என் கண் முன்னால்தான் கறக்க வேண்டும் என்றேன். விடியற்காலையில் சொம்போடு போய் அவன் எதிரில் நின்று அவன் கையையே பார்ப்பேன்.

"வந்துட்டான்யா சி.பி.ஐ." என்பான். "பாத்துக்கடா சவரி, விரல் சந்துல தண்ணி ஒளிச்சு வெச்சிருக்கேன்."

ஒரு மாசம் பார்த்தேன். தண்ணீர் இல்லை. ஆனால் போவதை நிறுத்தவில்லை. அப்படித்தான் பழக்கம் வந்தது.

ராணுவ மதிலை ஒட்டின தகரக் கொட்டகையில் அவனுக்கு ஆறு பசு, மூன்று எருமை. மாட்டைப் போலவே வீட்டையும் பார்த்தான். சரசா அந்தக் காலத்தில் ஆபீசர் மெஸ்ஸில் காலை வேலைக்குப் போவாள். வைஷாலியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது இவன்தான். கயிறு முறுக்கிய கை, பிள்ளைக்குச் சடை போட்டால் சும்மா இருக்குமா? கண் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண். "அப்பா, வலிக்குது, நான் என்ன கன்னுக்குட்டியா?" என்று கத்தும். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் இரண்டு தரம் குளித்துவிட்டுப் போவான். போயும் கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்காருவான். தன் மேல் வீசும் வாசனைக்காகப் பிள்ளைகள் தலைகுனியக் கூடாது என்று. நான் பார்த்ததைச் சொல்கிறேன், கதை கட்டவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் மராட்டிக்காரர்கள் பசுவையும் கன்றையும் சேர்த்துக் கும்பிடுவார்கள். வசுபாரஸ் என்பார்கள். அடுக்குமாடியில் பசுவுக்கு எங்கே போவது? கிட்டன்தான் கன்றோடு பசுவை ஓட்டிக்கொண்டு கேட் கேட்டாகப் போவான். பெண்கள் குங்குமம் வைத்து வெல்லமும் போளியும் ஊட்டுவார்கள். ஒரு மாட்டுக்கு நாலு போளிக்கு மேல் விடமாட்டான். அஞ்சாவது போளியோடு எந்த வீட்டு அம்மா வந்தாலும் கையைக் குறுக்கே நீட்டி, "பஸ் தாயி, போட் துகேல்" என்பான். போதும் அக்கா, வயிறு வலிக்கும் என்று. அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தாலும் சரிதான்.

என் மனைவி லீலா போன பிறகு எனக்குப் பகல் சோறு அந்த வீட்டில்தான். நான் கேட்கவில்லை, அவர்களும் வா என்று சொல்லவில்லை. ஒருநாள் தட்டு வைத்தாள் சரசா. மறுநாளும் வைத்தாள்.

அந்தச் செப்டம்பரில் நோய் பரவுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஷ்யாமுக்கு ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை, அங்கேயே வாடகைக்கு இருந்தான். அங்கிருந்தபடியே யார் யாருக்கோ போன் போட்டு, ஊசிக்காரர்கள் நம் பக்கம் வருகிற தேதியைக் கேட்டுச் சொல்லியிருந்தான். அந்தத் தேதியில்தான் சரசாவுக்குக் கண் ஆபரேஷன். மனைவியைத் தனியாக அனுப்ப மாட்டான் கிட்டன். என்னைக் கொட்டகையில் உட்கார வைத்தான்.

"சவரி, டாக்டரு வந்தா ஒவ்வொண்ணா புடிச்சுக் காட்டு. கங்கி மட்டும் உதைக்கும், பின்னாடி நிக்காத."

"நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். ஒரு டாக்டர், கூட ஒரு பையன், ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டியைத் திறந்ததும் நான் என் வேலையை ஆரம்பித்தேன். பாட்டிலைக் காட்டு, இது என்ன மருந்து, எங்கே செய்தது என்று கேட்டேன். அந்தப் பையன் சின்னவன், மறைக்கத் தெரியாதவன். "இது பக்ரிக்கானது தாத்தா, ஆட்டு அம்மைக்கு உள்ள மருந்து. மாட்டுக்கும் இதுதான் போடறோம்" என்று இந்தியில் சொல்லிவிட்டான்.

எனக்குக் கர்வம் தலைக்கேறியது. கண்டுபிடித்துவிட்டேன் பார் என்று உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. ஆட்டு மருந்தை மாட்டுக்குப் போட்டு ஏமாற்ற வந்திருக்கிறார்கள். டாக்டர் விளக்கம் சொல்ல வாயெடுத்திருந்தால் கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன். அவரோ எருமைப் பக்கம் போய் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். சண்டை போட்டால் போகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பையனிடம் நைசாகச் சொன்னேன்: "ஜாலா, ஸகளா ஜாலா. எல்லாம் ஆயிடுச்சு. நேத்தே வேற ஆளுங்க வந்து எல்லாத்துக்கும் போட்டுட்டாங்க."

அவன் காதுக் கம்மலைப் பார்த்தான். மாடுகளின் காதில் மஞ்சள் பட்டை மாட்டி நம்பர் போட்டிருக்கும், அதைச் சொல்கிறேன். கையிலிருந்த தாளில் அந்த நம்பர்களுக்கு நேரே ஆறு டிக் அடித்தான். டாக்டரைக் கூட்டிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனான். அது இர்பானுடையது. அவனிடம் நாலு பசு. நாலுக்கும் ஊசி போட்டார்கள். நான் கதவில் சாய்ந்துகொண்டு, முட்டாப்பயல், ஆட்டு ஊசி போட்டுக்கொள்கிறான் என்று சிரித்தேன்.

சாயங்காலம் கிட்டன் சரசாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். அவள் கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்தவனிடம் நான் பெருமையாகச் சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது. திட்டவில்லை. கொஞ்ச நேரம் கங்கியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சரி விடு. நாளைக்கு நான் மாட்டாஸ்பத்திரிக்கே போய்க் கேக்கறேன்."

போனான். தாளில் ஆறு மாட்டுக்கும் போட்டாயிற்று என்று இருந்தது. இல்லை சார், தப்பாக எழுதிவிட்டார்கள் என்றான். இருக்கிற மருந்து போடாத மாடுகளுக்கே பத்தவில்லை, மிச்சம் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். மறுபடியும் போனான். மூன்றாம் தரம் நானும் கூடப் போனேன், ஆனால் வெளியேதான் நின்றேன். உள்ளே போய், பொய் சொன்னது நான் என்று சொல்லியிருந்தால் ஒரு வேளை நடந்திருக்கும். யாரோ ஒரு கிளார்க் என்னைப் பார்த்துச் சிரிப்பானே என்று நின்றுவிட்டேன். அந்த நாட்களில் ஷ்யாம் தினம் போனில், "போட்டாங்களாப்பா?" என்று கேட்பான். "வந்துட்டுப் போனாங்கடா" என்பான் கிட்டன். இதோ இன்றைக்குப் போட்டுவிடுவோம், நாளைக்குப் போட்டுவிடுவோம் என்று அவன் கணக்கு.

ஒரு மாசம் ஆகவில்லை. கங்கிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் தோலெல்லாம் எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகக் கட்டி. கால் வீங்கி நிற்க முடியவில்லை. எருமைகளை அது தொடவில்லை, பசு ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. சரசா ஆபரேஷன் கண்ணோடு வெற்றிலையும் மிளகும் உப்பும் அரைத்து வெல்லத்தில் உருட்டித் தந்தாள். கிட்டன் ஒவ்வொன்றின் நாக்கிலும் தடவினான். புண்ணில் புழு வைத்தது. வேப்பிலைப் புகை போட்டு ஈ ஓட்டிக்கொண்டே இருந்தான், சோற்றையும் அங்கேயே தின்றான். மூன்று பிழைத்தன. மூன்று போயின. கங்கிதான் கடைசி. ஷ்யாம் குடித்து வளர்ந்தது அவள் தாயின் பால். பெரிய குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம்.

அப்போது வந்த ஒரு டாக்டர், "ஊசி போட்டிருந்தாலும் எல்லாமே பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. குழி மூடிய மண் இன்னும் காலில் ஒட்டியிருக்கிறது, எனக்குச் சந்தோஷம். மற்றதை விட அந்தச் சந்தோஷத்துக்குத்தான் நான் அதிகமாக வெட்கப்படுகிறேன். அதுவும் நிலைக்கவில்லை. இர்பானின் நாலு பசுவும் சுவர் அந்தப் பக்கம் அசை போட்டுக்கொண்டிருந்தன.

அன்றைக்கே ஷ்யாம் போன் செய்தான். அவன் மாட்டாஸ்பத்திரியில் விசாரித்திருந்தான். கிட்டனுக்குக் கை முழுக்க மஞ்சளும் எண்ணெயும், அதனால் போனைத் திண்ணை மேல் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தான். நான் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"போட்டாச்சுன்னு யாருப்பா சொன்னது? அங்க யாரு இருந்தா? அந்த சவரி மாமாவா?"

கிட்டன் ஒரு தரம் என்னைப் பார்த்தான்.

"இல்லடா. நான்தான். அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனதும் ஒரு எட்டு வந்துட்டுப் போனேன். ஆட்டு மருந்துன்னாங்க, எனக்கு நம்பிக்கை வரல. அனுப்பிட்டேன்."

"என்கிட்ட வந்துட்டுப் போனாங்கன்னு சொன்னியே! எனக்குத் தெரிஞ்சு நீ ஒரு பொய் சொன்னதில்லப்பா. மூணு உசிரைக் கொன்னுட்டு என்கிட்டயே பொய் சொல்லியிருக்க. இனிமே நீ எது சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

போன் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து சரசா வந்தாள். "நீங்களா? என்னை உள்ள விட்டுட்டு வந்து இதைப் பண்ணிட்டு, இத்தனை நாள் சொல்லாம இருந்தீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தேன்.

அவள் போன பிறகு கேட்டேன், "ஏண்டா அப்படிச் சொன்ன?"

"உன் பேரைச் சொன்னா உன்னை இந்தப் பக்கமே வரக்கூடாதும்பான். என்னை அப்படிச் சொல்ல முடியுமா? நான் அவன் அப்பன். பத்து நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பான், அப்புறம் சரியாயிடும்."

மூன்று வருஷம் ஆகியும் சரியாகவில்லை. ஷ்யாமும் அவன் பெண்டாட்டி ராஜஸ்ரீயும் நகரின் மறுகோடியில் பாணேரில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மாவிடம் பேசுவான், அப்பாவிடம் பேசமாட்டான். பேத்திக்குப் பால் மட்டும் ராஜஸ்ரீ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கிட்டன் ஸ்கூட்டரில் கேனைக் கட்டிக்கொண்டு அவ்வளவு டிராபிக்கில் பாணேருக்குப் போய் வருவான். ஒரு தரம் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். பெரிய கேட். வாட்ச்மேன் போனை நீட்டி, "கௌன்?" என்றான்.

"தூத்வாலா" என்றான் கிட்டன். பால்காரன் என்று.

வாட்ச்மேன் போட்டோ எடுத்து மேலே வீட்டுக்கு அனுப்பினான். அதற்குக் கிட்டன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றான். மேலேயிருந்து அனுமதி வந்தது. கேனை வைத்துவிட்டு, கழுவி வைத்திருந்த பழைய கேனை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

"ஏண்டா தூத்வாலான்னு சொல்ற? அப்பான்னு சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"அப்பான்னு சொன்னா மேல போன் பண்ணிக் கேப்பான் சவரி. வேணாம்னு சொல்லிட்டான்னா? தூத்வாலாவை யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க."

அப்போதே நான் லிப்டில் ஏறிப் போயிருக்க வேண்டும். ஸ்கூட்டரில் ஏறினேன். சிக்னலில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இருந்தேன். பகல் ஆனால் தட்டு வரும்.

பிறகு கறந்துகொண்டிருக்கும்போதே கிட்டனுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஷ்யாம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அப்பனுக்குப் பேச்சு இல்லை. நாலு நாள் மகன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நானும் வெளியே பெஞ்சில் நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். கிட்டனுக்குக் காது கேட்டது என்றார்கள். நான் உள்ளே போய்ச் சொல்லியிருந்தால் மகன் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருப்பான்.

காரியத்தன்று கொட்டகைக்கு முன்னால் பந்தல். முப்பது நாற்பது பேர். இர்பான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். வைஷாலி மட்டும் இல்லை. சோலாப்பூரில் புகுந்த வீட்டில் எட்டு மாசக் கர்ப்பம், சாவு வீட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஷ்யாம் எழுந்து, "அப்பாவோட சிநேகிதர் பேசுவாரு" என்றான்.

எழுந்தேன். சரசா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு நல்லாப் பேச வராது. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துக்கறேன். லம்பி வந்தப்போ ஊசிக்காரங்களைத் திருப்பி அனுப்பினது கிட்டன் இல்ல. அவன் நடுவுல எங்கயும் வரல, சரசாவோட கண் ஆஸ்பத்திரியிலயேதான் இருந்தான். அனுப்பினவன் நான். போட்டாச்சுன்னு பொய் சொன்னதும் நான். மறுபடி போடச் சொல்லி அவன் மூணு தரம் நடந்தான். நடக்கல. பழியை அவன் எடுத்துக்கிட்டான், நான் எடுத்துக்கவிட்டேன். இவ்வளவுதான்."

இர்பான் நாற்காலியைப் பிடித்தபடி நின்றான். பாராட்டுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். சரசாவின் முகத்தைப் பார்த்தேன், இறங்கவில்லை.

"என்கிட்டகூட சொல்லலியேண்ணா" என்றாள். "மூணு வருஷமா சோறு போடும்போதெல்லாம் குத்திக் காட்டினேனே அவரை. நீங்க பக்கத்துலதானே உக்காந்து சாப்பிட்டீங்க?"

பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஷ்யாம் எழுந்து கொட்டகைக்குள் போனான். நானும் போனேன். எருமைக்கு எதிரில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"கேட்டுல தூத்வாலான்னு சொல்லிட்டு நிப்பாரு. போன்ல அவர் போட்டோ வரும். பார்ப்பேன். ஓகேன்னு அமுக்குவேன். கீழ இறங்கி வரமாட்டேன் மாமா."

"தெரியும்பா. ஒரு நாள் நானும் கூட நின்னேன்."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"இங்க ஒரு வேளை சோறு கெடைக்குது. பேச ஆள் இருக்கு. அது போயிடும்னு பயந்தேன்."

"அவருக்குத் தெரியுமா அது?"

"தெரியும். அதுக்காகத்தான் அவன் அப்படிச் சொன்னான்."

அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. என்னைவிட ஒரு முழம் உயரம்.

"போயிடுங்க மாமா. உங்க மேல கை வெச்சிடுவேனோன்னு பயமா இருக்கு. இனிமே வராதீங்க."

"சரிப்பா" என்றேன். கிட்டன் எதற்குப் பயந்து அந்தப் பொய்யைச் சொன்னானோ, அது நடந்துவிட்டது. நடக்க வேண்டியதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருந்தால் அவன் லிப்டில் ஏறிப் போய்ப் பேத்தியைத் தூக்கியிருப்பான்.

பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. கொட்டகையின் பின்பக்கமாக நடந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஷ்யாமின் குரல் கேட்டது. தங்கைக்குப் போன் போட்டிருந்தான்.

"வைஷு, அழாத, முதல்ல நான் சொல்றதைக் கேளு. அப்பா இல்லடி. அப்பா திருப்பி அனுப்பல. அம்மாவோட ஆஸ்பத்திரியிலயேதான் இருந்தாரு. ஆமா, நாமதான்... நாமதான் அவரை..."

அந்தப் பக்கம் அந்தப் பெண், அப்படியானால் யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

அவன் என் பெயரைச் சொல்லும்வரை நின்றேன். சொன்னான். பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.